இரண்டாவது விசிறி

போடிநாயக்கனூர் விடிவதற்கு முன்பே எழுந்துவிடும் ஊர். மேற்கே மலை ஏறினால் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள். அங்கே களை எடுக்கவும் காய் எடுக்கவும் போகிற பெண்கள் தூக்குச்சட்டியோடு தெருமுனைகளில் நிற்பார்கள். ஜீப்புகள் வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் மனம் பதறும். அந்தப் பாரத்தோடு அவை அடிவாரத்து முந்தலைக் கடந்து, போடிமெட்டுக்கு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகளுக்குள் நுழைகின்றன. பிரேக்கைப் பற்றியும் ஓட்டுநரின் தூக்கத்தைப் பற்றியும் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். எஞ்சினின் சூட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் பாதி மேட்டில் கொதித்து நின்றுவிட்ட ஜீப்பிலிருந்து அத்தனை பேரும் இறங்கி, இருட்டில், வளைவின் ஓரத்தில், லாரிகள் உரசிக்கொண்டு போகும் இடத்தில் நிற்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை அந்தச் சாலையில் ஒருமுறை போனவர்கள் அறிவார்கள்.

நாங்கள் மதுரையிலிருந்து புறப்பட்டது நண்பரின் பழைய டீசல் ஜீப்பில். முப்பது வயதைத் தாண்டிய வண்டி. போன சித்திரையில் இதே போடிமெட்டு மேட்டில் ரேடியேட்டர் மூடியின் ஓரமாக ஆவி சீற, நடுவளைவில் நின்றுபோனது. அதன் பிறகு தேனியில் ஒரு பட்டறையில் விட்டு, ஏற்கெனவே உள்ள விசிறிக்குத் துணையாக ஒரு மின்விசிறியும் பொருத்தினார். இப்போது தை மாதம். அந்த விசிறி மலையில் என்ன செய்கிறது என்று பார்ப்பது ஒரு நோக்கம்; கொழுக்குமலைக்குப் போவது இன்னொன்று. நண்பருக்கு இரண்டாவதுதான் பெரிது. எனக்கு முதலாவது.

அதனால் தேனியில் முதலில் அந்தப் பட்டறைக்கே போனோம். மெக்கானிக் அண்ணன் ஸ்பானரைக் கீழே வைக்காமலே பேசுகிறவர்.

“வண்டி ஓடும்போது காத்து தானா வந்துரும் தம்பி. வண்டி முக்கி முக்கி ஏறும்போதுதான் காத்து வேணும். அந்த நேரம் பாத்து இந்த பெல்ட் ஃபேன் மெதுவாச் சுத்தும். அங்கதான் சிக்கல்.”

பழைய ஜீப்பில் விசிறி, தண்ணீரை ஓடவைக்கும் வாட்டர் பாடியின் முனையிலேயே இருக்கிறது. எஞ்சினிலிருந்து ஒரு பெல்ட் இரண்டையும் சேர்த்துச் சுற்றுகிறது. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் விசிறியும் வேகமாகச் சுற்றும்; எஞ்சின் தணிந்தால் அதுவும் தணியும். சமதளத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, நொடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் எதிர்காற்று கிரில்லுக்குள் பாய்கிறது. அப்போது விசிறியே தேவையில்லை. பாறை மேட்டில் லோ கியர் போட்டு ஊர்ந்து ஏறும்போது எதிர்காற்று அநேகமாக இல்லை. எஞ்சினோ முழுப் பாரத்தையும் தள்ளுகிறது. டீசலில் இருக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்தும் வேலைக்குப் போகிறது; இன்னொரு பங்கு புகையோடு சைலன்சர் வழியே வெளியேறுகிறது; மிச்சத்தில் பெரும்பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான் சுமந்து வந்து ரேடியேட்டரில் இறக்கி வைக்க வேண்டும். சூடான காபியை டம்ளரிலிருந்து டவராவுக்கு அகலமாக இழுத்து ஆற்றுகிறோமே, ரேடியேட்டர் செய்வதும் அதையேதான்: மெல்லிய குழாய்களிலும் அவற்றுக்கிடையே உள்ள தகட்டு மடிப்புகளிலும் சூட்டைப் பரப்பிக் காற்றுக்குக் காட்டுகிறது. காற்று வராவிட்டால் எவ்வளவு பரப்பியும் பயனில்லை.

மின்விசிறிக்கு எஞ்சின் வேகத்தோடு தொடர்பு இல்லை. பேட்டரியில் 12 வோல்ட் இருக்கும்வரை, வண்டி ஊர்ந்தாலும் நின்றாலும் ஒரே வேகத்தில் சுற்றும். துணை விசிறியின் மதிப்பு முழுவதும் அந்த ஒரு குணத்தில்தான் இருக்கிறது.

ஆனால் அண்ணன் விசிறியை முதலில் தொடவில்லையாம். ரேடியேட்டரைக் கழற்றி, அதற்கென்றே இருக்கிற கடைக்கு அனுப்பி, மேல் தொட்டியின் ஈயப் பற்றை உருக்கிப் பிரித்து, ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ராடு விட்டுச் சுத்தம் செய்ய வைத்திருக்கிறார். உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு. ஊர் ஊராகப் போர் தண்ணீரை ஊற்றி ஊற்றிச் சேர்ந்தது. கோர் எனப்படும் அந்தக் குழாய்த் தொகுதியில் ஒரு பகுதி அடியோடு அடைத்துக் கிடந்தது.

“இதப் பண்ணாம ஃபேன் மட்டும் மாட்டினா காசுக்குத்தான் கேடு. தண்ணி ஓடாத குழாய்க்கு எவ்வளவு காத்து அடிச்சா என்ன?” என்றார்.

நான் பல வண்டிகளில் பார்த்த துணை விசிறிகளில் பாதிக்கு மேல் இந்த வரிசையைத் தலைகீழாக்கியவை. சூடு ஏறியதும் காயலான் கடையில் ஏதோ ஒரு காரின் விசிறியை வாங்கிக் கட்டிவிடுவது எளிது. அடைத்த கோரையும் நைந்த மூடியையும் தளர்ந்த பெல்ட்டையும் அப்படியே விட்டுவிட்டு, நோயை ஒரு கோடை தள்ளிப்போடுவதுதான் அது.

விசிறியை எங்கே வைப்பது என்பதும் யோசிக்க வேண்டிய காரியம். ரேடியேட்டருக்குப் பின்னால், எஞ்சின் பக்கம் நின்று காற்றை இழுக்கும் விசிறிதான் சிறந்தது. ஆனால் அந்த இடத்தில் பெல்ட் விசிறி இருக்கிறது. ஆகவே துணை விசிறி முன்னால், கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள நாலு விரல் இடைவெளியில் நின்று காற்றைத் தள்ள வேண்டும். இதில் இரண்டு ஆபத்துகள். ஒன்று, சமதள வேகத்தில் வருகிற இயல்பான காற்றை இதன் மோட்டாரும் சட்டமும் கொஞ்சம் மறைக்கும். அதனால் ரேடியேட்டர் முழுவதையும் அடைக்கும் பெரிய விசிறியைவிட 12 அங்குல விசிறியே இந்த ஜீப்புக்குப் போதும் என்று முடிவு செய்திருக்கிறார். இரண்டு, இழுக்கும் விசிறியைக் கொண்டுவந்து அப்படியே முன்னால் மாட்டினால் அது காற்றை வெளியே தள்ளும். பின்னால் இருக்கிற பெல்ட் விசிறியோடு சண்டை போடும். இணைப்பு ஒயர்களை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும்தான். ஆனால் இறக்கைகளின் வளைவு ஒரு பக்கத்துக்காகச் செய்யப்பட்டது. எதிராகச் சுற்றும்போது காற்று பாதியாகிவிடும். இறக்கையையும் திருப்பி மாட்டினால்தான் சரி. அதைச் சோதிக்க அவர் செய்தது ஒரு செய்தித்தாள் துண்டைக் கிரில்லுக்கு முன்னால் பிடித்தது. தாள் கிரில்லோடு ஒட்டிக்கொண்டது. காற்று உள்ளேதான் போகிறது.

விசிறியை ரேடியேட்டர் மடிப்புகளுக்கு ஊடாகப் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டும் வழக்கம் ஒன்று உண்டு. வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மலைப்பாதையின் அதிர்வில் அந்தப் பட்டை மடிப்புகளை அறுத்து, குழாயையும் தேய்த்து ஓட்டையாக்கிவிடும். இங்கே தட்டை இரும்பில் இரண்டு சட்டம் அடித்து, ஜீப்பின் உடலோடு போல்ட் போட்டு, நடுவில் ரப்பர் வைத்து நிறுத்தியிருக்கிறார். அதைக் கையால் ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

மின்சார வேலையை அவர் இன்னும் கவனமாகச் செய்திருந்தார். இந்த விசிறி ஓடும்போது பத்து ஆம்பியர் அளவில் இழுக்கும். சுற்றத் தொடங்கும் கணத்தில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. டாஷ்போர்டில் இருக்கும் சின்ன ஸ்விட்ச் வழியாக அவ்வளவு மின்சாரத்தையும் நேராக விட்டால் ஸ்விட்ச் உருகும், சில நேரம் ஒயரும் எரியும். அதனால் ஸ்விட்ச் ஒரு ரிலேயை மட்டும் இயக்குகிறது. ரிலே பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகக் கனமான ஒயரில் விசிறிக்கு மின்சாரம் கொடுக்கிறது. எர்த்தும் துருப்பிடித்த தகட்டில் அல்ல, நேராக பேட்டரியில். ரேடியேட்டரின் அடியில் ஒரு வெப்ப ஸ்விட்ச்: 92 டிகிரியில் விசிறியை ஓட்டி, 87-க்கு இறங்கியதும் நிறுத்தும். இவை போக ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு தனி ஸ்விட்ச், விசிறியை முற்றாக அணைத்து வைப்பதற்கு. ஆற்றைக் கடக்கும்போது அது வேண்டும். சுற்றும் இறக்கை தண்ணீரில் இறங்கினால் வளைந்துபோய்க் கோரைக் கிழித்துவிடும்.

அன்று பின்னிரவில் போடியைத் தாண்டினோம். முந்தலுக்குப் பிறகு சாலை நிமிர்கிறது. ஆயிரம் அடியைச் சற்றே தாண்டிய உயரத்தில் இருக்கும் ஊரிலிருந்து நாலாயிரம் அடிக்கு மேல் ஏற வேண்டும். இது கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85. தார்ச்சாலைதான், கரடுமுரடான பாதை அல்ல. ஆனால் எஞ்சினுக்கு மேடு மேடுதான். இரண்டாம் கியரில் இருபது கிலோமீட்டர் வேகம். தை மாதத்துக் கீழ்க்காற்று சமவெளியிலிருந்து எழும்பி எங்கள் முதுகுக்குப் பின்னால் மலையேறிக்கொண்டிருந்தது. பயணிக்கு அது சுகம்; ரேடியேட்டருக்குக் கேடு. வண்டி இருபதில் போக, காற்றும் அதே திசையில் இருபதில் வீசினால், கிரில்லுக்கு வந்து சேரும் காற்று ஒன்றுமில்லை. ஆனியில், ஆடியில் மேற்கிலிருந்து கணவாய் வழியே இறங்கும் காற்று ஏறும் வண்டியின் முகத்தில் அடிக்கும். வெயில் கடுமையாக இருக்கும் மாதத்தைவிடக் குளிர்மாதத்து விடியலில் சில ஜீப்புகள் எளிதில் கொதிப்பதற்கு இது ஒரு காரணம் என்று மெக்கானிக் அண்ணன் சொல்லியிருந்தார். அந்த இரவில் வெப்ப மீட்டரின் முள் ஏறுவதைப் பார்த்தபோது நம்பினேன்.

முள் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் முன்னால் வந்ததும் முன்பக்கத்தில் ஒரு உறுமல் கேட்டது. ஹெட்லைட் ஒரு நொடி மங்கி மீண்டது. நண்பர் என்னைப் பார்த்தார். அடுத்த இரண்டு வளைவுகளுக்கு முள் அங்கேயே நின்றது, பிறகு சற்று இறங்கியது, உறுமல் நின்றது. மேலே போகப் போக இது திரும்பத் திரும்ப நடந்தது. போன சித்திரையில் நின்றுபோன வளைவை நிற்காமல் கடந்தோம். அந்த நேரம் என்னால் பேச முடியாத அளவுக்கு மகிழ்ச்சி.

அதற்கு மேலே இன்னொரு ஜீப் நின்றிருந்தது. பானெட் திறந்திருக்க, பெண்கள் தடுப்புச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். போர்வையும் துண்டும் தலையில். ஓட்டுநர் இளைஞர். எஞ்சினை அணைக்காமல் ஐடிலில் விட்டிருந்தார். அது சரியான காரியம். அணைத்துவிட்டால் வாட்டர் பாடி நின்றுபோகும். தலைப்பகுதியில் தேங்கிய சூடு அங்கேயே தங்கி ஹெட் கேஸ்கெட்டைத் தின்றுவிடும். நாங்கள் தண்ணீர் கேனைக் கொடுத்தோம். அவர் உடனே ஊற்றவில்லை. கொஞ்ச நேரம் விட்டு, சாக்கை நாலாக மடித்து மூடியின் மேல் போட்டு, ஒரு படி மட்டும் திருகி நிறுத்தினார். ஆவி முழுவதும் சீறி அடங்கிய பிறகே திறந்தார். கொஞ்சம் கொஞ்சமாக, எஞ்சின் ஓடும்போதே ஊற்றினார். இந்தப் பொறுமை இல்லாமல் வெந்த கைகளையும் முகங்களையும் பற்றி மலையடிவாரத்து மருத்துவர்களைக் கேட்டால் சொல்வார்கள். குளிர்ந்த தண்ணீரை மொத்தமாகக் கொட்டினால் ஹெட் விரிசல் விடும். அது தனிச் செலவு.

“எட்டு மணிக்குள்ள தோட்டத்துல நிக்கணும் தம்பி. இல்லாட்டி இன்னைக்குப் பொழப்பு போச்சு” என்றார் ஒரு மூதாட்டி, ஓட்டுநரைப் பார்த்து அல்ல, எங்களைப் பார்த்து. எங்கள் வண்டி ஓடுவது அவருக்குத் தெரிந்திருந்தது.

“ஏறிக்கங்க அம்மா” என்றார் நண்பர். முடிந்தவரை ஏற்றிக்கொண்டோம். போடிமெட்டுச் சோதனைச்சாவடி அருகே டீ குடிப்பதற்குள் அந்த ஜீப்பும் வந்துவிட்டது. ஓட்டுநரிடம் துணை விசிறியைக் காட்டினார் நண்பர். குனிந்து பார்த்துவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி: “எவ்வளவு ஆச்சுண்ணே?” வண்டி அவருடையதல்ல. இந்தச் சாலையில் பல ஓட்டுநர்களின் நிலை இதுதான். வண்டி கொதித்தால் அவமானம் ஓட்டுபவருக்கு. ரேடியேட்டருக்குக் காசு எடுக்க வேண்டியவர் ஊரில் தூங்குகிறார். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவதைத் தடுக்கச் சோதனைகள் நடக்கின்றன, நடக்கவும் வேண்டும். அந்தச் சோதனையில் ரேடியேட்டர் மூடியையும் ஃபேன் பெல்ட்டையும் ஒரு பார்வை பார்த்தால் எத்தனை விடியல்கள் தப்பும்!

அமெரிக்காவின் டெத் வேலி பள்ளத்தாக்கில் மேடேறும் சாலைகளின் ஓரத்தில் ரேடியேட்டருக்கென்றே தண்ணீர்த் தொட்டிகள் வைத்திருந்தார்கள். கொதிக்கும் வண்டியை ஓட்டுநரின் தனிப்பட்ட பிரச்சினையாக விடாமல் சாலையின் பிரச்சினையாகப் பார்த்த ஏற்பாடு அது. போடிமெட்டுச் சாலையிலும் இரண்டு வளைவுகளுக்கு ஒரு தொட்டி வைக்கலாம்.

பூப்பாறை, சின்னக்கானல் வழியாகச் சூரியநெல்லிக்குப் போய் அன்று தங்கினோம். கொழுக்குமலை தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் வண்டியில் போக வழி கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். நம் வண்டியை அங்கே விட்டுவிட்டு உள்ளூர் ஜீப்பில் ஏற வேண்டும். மறுநாள் இருள் பிரியும் முன் எங்களை ஏற்றிக்கொண்ட ஓட்டுநர் நடுவயதுக்காரர். தாத்தா காலத்தில் தோட்ட வேலைக்கு மலையேறிய தமிழ்க் குடும்பம்.

அந்தப் பாதையைச் சாலை என்று சொல்ல மனம் வரவில்லை. தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே உருண்டை உருண்டையாகப் பாறைகள் கிடக்கின்றன. அவற்றின் மேல் ஜீப் ஒவ்வொரு சக்கரமாகக் கால் ஊன்றி ஏறுகிறது. லோ கியரில் எஞ்சினின் பலம் இரண்டரை மடங்கு அளவுக்குப் பெருகுகிறது, வேகம் அதே அளவுக்குச் சுருங்குகிறது. எங்கள் வேகம் எட்டு கிலோமீட்டரைத் தாண்டியிருக்காது. விரல்கள் விறைத்தன. வெளியே பத்து டிகிரி இருக்கலாம். இந்தக் குளிரில் எஞ்சின் எப்படிக் கொதிக்கும் என்று நண்பர் கேட்டார்.

கேள்வி நியாயமானது. சூடு தண்ணீரிலிருந்து காற்றுக்கு மாறும் வேகம் இரண்டுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைப் பொறுத்தது. தேனியில் சித்திரை மதியம் 38 டிகிரி, ரேடியேட்டர் தண்ணீர் 90 என்றால் வேறுபாடு 52. இங்கே விடியலில் அதே தண்ணீருக்கு வேறுபாடு 80. ஒன்றரை மடங்கு ஆதாயம். ஏழாயிரம் அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் அது நகர்த்தும் காற்றின் நிறை குறைகிறது. அதைக் கழித்த பிறகும் குளிருக்குத்தான் லாபம். ஆனால் அறுபதிலிருந்து எட்டுக்கு இறங்கிவிட்ட வண்டிக்கு எதிர்காற்று ஏழில் ஒரு பங்குதான். குளிர் கொடுத்த ஆதாயமெல்லாம் அங்கே கரைந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று சுற்றிலும் இருக்கிறது. ரேடியேட்டருக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

உயரம் இன்னொரு கேட்டையும் செய்கிறது. இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கொதிநிலை நூறைத் தாண்டி வெகுதூரம் தள்ளிப்போகிறது. 0.9 என்று எழுதிய நல்ல மூடி இருந்தால் இந்த உயரத்திலும் 115 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் நைந்துபோனால் அந்தக் காப்பு போய்விடும். தெர்மோஸ்டாட் திறப்பதே 82 டிகிரியில். மிஞ்சுவது பத்துப் பதினொரு டிகிரி இடைவெளி. நைந்த மூடியோடு சமவெளியில் ஓடிக்கொண்டிருந்த வண்டி மலையில் கொதிப்பது இதனால்தான். கூலண்ட் கலந்த தண்ணீர் கொதிநிலையை இன்னும் சில டிகிரி உயர்த்தும், துருவையும் உப்பையும் தடுக்கும். மலையேறும் வண்டியில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுவதை நான் மனதார எதிர்க்கிறேன்.

எங்கள் ஓட்டுநரின் ஜீப்பில் துணை விசிறி இல்லை. பானெட்டின் பின் விளிம்பில் இரண்டு ரப்பர் கட்டைகளைக் கொடுத்து ஒரு விரற்கடை உயர்த்தியிருந்தார், உள்ளே தேங்கும் வெப்பக்காற்று மேலே போவதற்கு. மீட்டர் செத்துப்போய் வெகுகாலம். “சத்தத்துலயே தெரிஞ்சுரும் சார். எஞ்சின் குரல் கொஞ்சம் மாறும், அப்புறம் ஒரு இனிப்பு வாசனை வரும். அதுக்கு முன்னாடியே நிறுத்திருவேன்” என்றார். அவர் நிறுத்தும் இடங்கள் அவருக்குப் பழக்கமானவை: பாதை கொஞ்சம் சமமாகி, காற்று குறுக்கே வீசும் முனைகள். அங்கே ஜீப்பின் முகத்தைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி நிறுத்தி, ஆக்சிலரேட்டரை இலேசாக மிதித்து வைத்திருப்பார். வாட்டர் பாடியும் விசிறியும் வேகமாகச் சுற்றும். எஞ்சின் மேல் பாரம் இருக்காது. பயணிகள் படம் எடுக்கத்தான் நிறுத்துகிறார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வண்டியை அவ்வளவு அறிந்து ஓட்டுகிற ஒருவரின் அருகில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

உச்சியில் கூட்டம். சிங்கப்பாறைப் பக்கம் எல்லோரும் கைப்பேசியோடு நிற்க, சூரியன் எழுந்தது. கீழே தேனிப் பக்கம் முழுவதும் மேகம். மேற்கே மீசைப்புலிமலை. நேர் கீழே குரங்கணிச் சரிவு. 2018 மார்ச்சில் காட்டுத்தீ பல இளைஞர்களின் உயிரைக் கொண்டுபோன சரிவு அது. அதைப் பார்த்தபடி சிரித்துப் படம் எடுக்க என்னால் முடியவில்லை.

அதே சரிவை ஒட்டித்தான் ஒரு காலத்தில் மூணாறுத் தேயிலை கீழே இறங்கியது. 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளம் போட்டு, 1908-இல் அதை நீராவி எஞ்சின் ஓடும் சிறிய ரயில்பாதையாக மாற்றினார்கள். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போயின. 1924 பெருவெள்ளம் ரயில்பாதையை அழித்துவிட்டது. செங்குத்தான அந்தச் சரிவை மட்டும் எந்த ரயில் எஞ்சினிடமும் அவர்கள் ஒப்படைக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

1930-களில் நிறுவப்பட்ட கொழுக்குமலைத் தொழிற்சாலைக்குள் தேயிலையின் பச்சை மணம். பறித்து வந்த இலையை நீண்ட வலைப்பரப்பில் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்றை ஏற்றி வாட்டுகிறார்கள். பரப்பின் பக்கங்கள் எல்லாம் அடைக்கப்பட்டிருந்தன. திறந்து விட்டால் காற்று சுலபமான வழியைத் தேடி ஓரமாக ஓடிவிடும்; இலைக்குள் புகாது. எங்கள் ஓட்டுநரை அழைத்து அதைக் காட்டினேன். அவருடைய ஜீப்பில் ரேடியேட்டருக்கும் பெல்ட் விசிறிக்கும் நடுவே இருக்க வேண்டிய தகட்டுக் கூடு இல்லை. ஏதோ ஒரு பழுதின்போது கழற்றி, திரும்ப மாட்டாமல் விட்டது. கூடு இல்லாத விசிறி ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுப்பதற்குப் பதில் தன்னைச் சுற்றியுள்ள சூடான காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். அவர் பதில் சொல்லாமல் அந்த வலைப்பரப்பையும் பக்கப் பலகைகளையும் வெகுநேரம் பார்த்தார்.

டீ குடிக்கும்போது அவரே தொடங்கினார். “துணை ஃபேன் போடலாம்னு நானும் நினைச்சேன் சார். எங்க ஓட்டம் இருட்டுல. ரெண்டு ஹெட்லைட்டும் எரியணும். ஊர்ந்து ஏறுறப்போ டைனமோ சார்ஜ் குறைச்சலாத்தான் குடுக்கும். ஃபேனும் இழுத்தா பேட்டரி இறங்கி மேல போயி ஸ்டார்ட் ஆகாம நிக்குமே?”

சரியான தயக்கம். இரண்டு ஹெட்லைட்டுகளே பத்து ஆம்பியர் அளவு இழுக்கும். விசிறிக்கு இன்னொரு பத்து. அவர் டைனமோ என்று சொன்ன பழைய ஆல்டர்னேட்டர் ஐடிலில் தன் முழுத் திறனில் பாதியைக்கூடக் கொடுக்காது. குறைவதைப் பேட்டரிதான் ஈடுகட்ட வேண்டும். வழி இருக்கிறது: முதலில் தகட்டுக் கூட்டைத் திரும்ப மாட்டுவது; பெல்ட்டை இறுக்குவது; கோரைச் சுத்தம் செய்வது; மூடியை மாற்றுவது. இவ்வளவிலேயே பாதிச் சூடு அடங்கிவிடலாம். அதற்குப் பிறகும் விசிறி தேவைப்பட்டால் இன்னும் பெரிய ஆல்டர்னேட்டரோடு சேர்த்துப் போட வேண்டும். இதை நண்பர் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். மெக்கானிக்கின் எண்ணை வாங்கிக்கொண்டார்.

இறக்கம் வேறு கதை. லோ கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்குவதால் அது டீசலை அநேகமாக எரிப்பதில்லை, சூடும் அதிகம் பிறப்பதில்லை. மறுநாள் எங்கள் ஜீப் போடிமெட்டில் இறங்கியபோது துணை விசிறி ஒருமுறைகூட ஓடவில்லை. சூடு முழுவதும் பிரேக்குக்கு இடம் மாறியிருந்தது. முந்தலில் நிறுத்திச் சக்கரத்தின் அருகே கை வைத்தால் அனல். அதற்கு எந்த விசிறியும் உதவாது. ஏறிய கியரிலேயே இறங்குவதுதான் மருந்து.

தேனியில் மீண்டும் பட்டறையில் நின்றோம். அண்ணன் கிரில்லுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். விசிறியின் பின்னால், ரேடியேட்டர் மடிப்புகளில், புல்விதையும் பூச்சிச் சிறகுகளும் சேர்ந்திருந்தன. முன்னால் கொசுவலைத் தகடு ஒன்று கழற்றி மாட்டும்படி வைக்க வேண்டும் என்று முனகிக்கொண்டே, பின்பக்கத்திலிருந்து காற்றுக்குழாயை வைத்து ஊதினார். முன்பக்கமிருந்து ஊதினால் அழுக்கு இன்னும் உள்ளே போய்விடும். நண்பர் கொழுக்குமலை ஓட்டுநரைப் பற்றிச் சொன்னார். கூடு இல்லை, மீட்டர் இல்லை, இருட்டு ஓட்டம், பழைய டைனமோ. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணன் கம்ப்ரஸரை நிறுத்தினார்.

“அவருக்கு போன் போடு தம்பி. டைனமோவுல எத்தனை ஆம்பியர்னு எழுதியிருக்கும், பாத்துச் சொல்லச் சொல்லு. மூடியில என்ன நம்பர் இருக்குன்னும் கேளு. கூட்டுக்கு அளவு நான் சொல்றேன், அங்கயே தகடு வெட்டிக்கலாம். ஃபேன் விஷயத்த இந்த ரெண்டும் தெரிஞ்சப்புறம் பேசுவோம்.”

நண்பர் எண்ணைத் தேடி அழைத்தார். மறுமுனையில் ஜீப் ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. பயணிகளை இறக்கிவிட்டு டைனமோவைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார் அவர்.